காட்டுக்குள் ஒரு சின்ன ரேடியோ: வாசகர் கேள்வி பதில்

ருவாண்டா நாட்டின் அகாகேரா தேசியப் பூங்காவைப் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். 'லோரா' என்கிற விலை குறைந்த ரேடியோ முறையை வைத்து அங்கே காண்டாமிருகங்களையும் காவலர்களையும் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் செய்தி. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வயர்லெஸ் ரிப்பீட்டர் (வாக்கிடாக்கி அலையை வாங்கி மேலும் தூரத்துக்கு அனுப்பும் கருவி) பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ரேடியோவைப் பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்தது. ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொல்வது தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

கேள்வி: அகாகேராவில் அப்படி என்னதான் செய்தார்கள்? பூங்காவுக்குள் ஒரு மொபைல் டவர் போட்டால் போதாதா?
(பள்ளி ஆசிரியர், கூடலூர்)

அகாகேரா ருவாண்டாவின் கிழக்கு ஓரத்தில், தான்சானியா எல்லையை ஒட்டி இருக்கிறது. புல்வெளி, மலைத்தொடர், வரிசையாக ஏரிகள், சதுப்புநிலம். 1934-ல் அமைந்த பூங்கா. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, அண்டை நாடுகளில் அகதிகளாக இருந்த குடும்பங்கள் மாடுகளோடு ஊர் திரும்பின. அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது. பூங்காவின் பாதிக்கு மேல் அவர்களுக்குப் போனது; மிஞ்சியது ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர். மாட்டை அடித்த சிங்கங்களுக்கு விஷம் வைத்தார்கள், சில ஆண்டுகளில் ஒரு சிங்கம்கூட இல்லை. எல்லாம் இழந்து திரும்பியவனுக்கு மாடுதான் சொத்து, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1970-களில் ஐம்பதுக்கு மேல் இருந்த கறுப்புக் காண்டாமிருகங்களும் வேட்டையில் போய், கடைசியாக ஒன்று 2007-ல் கண்ணில் பட்டதோடு சரி.

2010-ல் அரசின் ருவாண்டா வளர்ச்சி வாரியமும் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பும் கூட்டாக நிர்வாகத்தை எடுத்துக்கொண்டன. முதலில் செய்த பெரிய வேலை வேலி: 120 கிலோமீட்டர் மின்வேலி, 2013-ல் முடிந்தது. 2015-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏழு சிங்கங்கள் வந்தன. 2017 மே மாதம் 18 கறுப்புக் காண்டாமிருகங்கள் வந்தன. லோரா வலையமைப்பு அமைந்ததும் அதே 2017-ல்தான். நெதர்லாந்தின் ஸ்மார்ட் பார்க்ஸ் குழு அந்த வேலையைச் செய்தது. வரிசையைக் கவனியுங்கள். ரேடியோ முதலில் வரவில்லை. வேலியும் ஆட்களும் வந்த பிறகு வந்தது.

இனி டவர் கேள்வி. மொபைல் டவர் என்பது வாடிக்கையாளர் இருக்கிற இடத்தில் கம்பெனி போடுவது. ஆளில்லாத ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு எந்தக் கம்பெனியும் வராது. வந்தாலும் அதற்கு ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். அதோடு பேசும் கருவிக்கும் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். லோரா நேர்மாறானது. குன்றின் மேல் ஒரு கம்பம், அதில் ஒரு ஆன்டெனா, கீழே ஒரு பெட்டி, ஒரு சோலார் பலகை. இதைத்தான் 'கேட்வே' என்கிறார்கள். பார்வைக்குத் தடை இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சின்னக் கருவி பேசுவதுகூட அதற்குக் கேட்கும். அகாகேரா போல மலைத்தொடர் நடுவே ஓடும் பூங்காவில் சில கேட்வேக்களே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சின்னக் கருவி என்ன பேசுகிறது? "நான் இன்ன எண், இன்ன இடத்தில் இருக்கிறேன், பேட்டரி இவ்வளவு மிச்சம்." அவ்வளவுதான். பன்னிரண்டு பைட் போதும் இதைச் சொல்ல. சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருப்பதால்தான் ஒரு பேட்டரி மாதக்கணக்கில், பல சமயம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஜீப்பில் ஒன்று, காவலர் இடுப்பில் ஒன்று, காண்டாமிருகத்தின் கொம்புக்குள் ஒன்று. எல்லாம் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வந்து விழும். விலங்கு எங்கே, அதற்குப் பக்கத்தில் இருக்கிற நம் ஆள் யார், வண்டி எங்கே என்று பணியில் இருப்பவர் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

காண்டாமிருகத்தைத் தேடப் பழைய வழி, காலடித் தடம் பார்த்து நடந்து போவது. 2017 ஜூனில், அந்த 18 விலங்குகள் வந்து சில வாரங்களே ஆன நிலையில், அவற்றைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த ஹங்கேரிய நிபுணர் கிறிஸ்டியான் கியோங்கியி தடம் பார்த்துப் போனபோது ஒரு காண்டாமிருகம் தாக்கி இறந்துபோனார். வாழ்நாளையே அந்த விலங்குக்குக் கொடுத்தவர். வேட்டைக்காரனைப் பிடிப்பது பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். விலங்கு எந்தப் புதருக்குள் நிற்கிறது என்று காவலருக்கு முன்கூட்டியே தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

கேள்வி: லோரா அலை அவ்வளவு தூரம் போகிறதென்றால் அதில் வீடியோ அனுப்ப முடியாதா? எப்படி இவ்வளவு குறைந்த சக்தியில் வேலை செய்கிறது?
(பொறியியல் மாணவர், திருச்சி)

தம்பி, வீடியோ முடியாது. ஒரு சாதாரணப் புகைப்படமே திணறும். தூரத்தை வாங்குவதற்கு லோரா கொடுக்கும் விலை வேகம்.

சீட்டி அடிப்பவர் கீழ் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஒரே மூச்சில் இழுப்பாரே, அதுபோல லோரா அலை ஒவ்வொரு குறியீட்டையும் அலைவரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து அனுப்புகிறது. இரைச்சலுக்கு நடுவிலும் அந்த இழுப்பின் வடிவத்தைப் பெறும் கருவி அடையாளம் கண்டுகொள்ளும். இரைச்சலைவிடப் பலவீனமான சமிக்ஞையைக்கூடப் பிரித்தெடுக்க முடிவது இதனால்தான். எவ்வளவு மெதுவாக இழுக்கிறோமோ அவ்வளவு தூரம். இதற்கு 7 முதல் 12 வரை படிகள் உண்டு. 12-ல் வைத்தால் ஒரு சின்னச் செய்தி போவதற்கே ஒரு விநாடிக்கு மேல் பிடிக்கும். கருவியின் சக்தி 25 மில்லிவாட் அளவுதான். நான் பராமரித்த வாக்கிடாக்கிகள் ஐந்து வாட். பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் சிக்லியோ என்ற சின்ன நிறுவனம் கண்டுபிடித்த முறை இது. 2012-ல் செம்டெக் நிறுவனம் அதை வாங்கியது.

படம் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: வேட்டைக்காரனைப் படம் பிடித்து உடனே அனுப்பும் கேமரா இந்தியாவிலேயே இருப்பதாகப் படித்தேன். உண்மையா?
(வங்கி ஊழியர், சேலம்)

உண்மைதான். அதன் பெயர் டிரெயில்கார்ட். ரிசால்வ் என்ற அமெரிக்க அமைப்பு உருவாக்கியது. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பெஞ்ச் புலிகள் காப்பகங்களை இணைக்கும் வழித்தடத்திலும் உத்தரப் பிரதேசத்தின் துத்வாவிலும் 2022-ல் வைத்துப் பார்த்தார்கள். புலியைப் படம் எடுத்து அரை நிமிடத்தில் அதிகாரியின் போனுக்கு அனுப்பியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. சாதாரணக் கேமரா பொறியின் முன்னால் இலை ஆடினாலும் படம் எடுக்கும். ஆயிரக்கணக்கில் வெறும் புல் படம். இவ்வளவையும் அனுப்பினால் பேட்டரி இரண்டு நாளில் செத்துவிடும். டிரெயில்கார்டில் உள்ள ஒரு சின்ன சிப், படத்தைக் கேமராவுக்குள்ளேயே பார்த்து, இது மனிதனா, புலியா, யானையா, ஒன்றுமில்லையா என்று முடிவு செய்கிறது. தேவையானதை மட்டும் அனுப்புகிறது. கேமராவின் தலை பென்சில் பருமன்தான், மரப்பட்டையில் ஒளித்துவிடலாம். செய்தி அனுப்பும் பகுதி தனியாக வேறிடத்தில் இருக்கும். நம் காடுகளில் கேமரா வைப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். வேட்டைக்கு வருகிறவன் முதலில் தூக்கிக்கொண்டு போவது கேமராவைத்தான். தான்சானியாவின் குருமெட்டி பகுதியில் இதன் முந்தைய மாதிரியை வைத்தபோது 30 வேட்டைக்காரர்கள் பிடிபட்டார்கள்.

ஆனால் கேமரா என்றதும் நான் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று இருக்கிறது. உத்தரகண்டின் கார்பெட் காப்பகத்தைச் சுற்றி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் நெடுநாள் தங்கி ஆய்வு செய்தார். அது 2024-ல் வெளியானது. விலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் டிரோன்களும் விறகுக்கும் புல்லுக்கும் போகும் கிராமத்துப் பெண்களை என்ன பாடுபடுத்தின என்று அதில் இருக்கிறது. காட்டுக்குள் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழுந்து, வாட்ஸாப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அந்தப் பெண்கள் காட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போவது வழக்கம்; புலிக்கும் யானைக்கும் தாங்கள் வருவது தெரியட்டும் என்று. கேமராவுக்குப் பயந்து அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், பழக்கமில்லாத பக்கங்களுக்குள் போனார்கள். ஆய்வாளர் பேட்டி கண்ட பெண்களில் ஒருவரைப் பின்னால் புலி அடித்துவிட்டது.

புலியைக் காப்பாற்ற வைத்த கருவி. அதன் படம் யார் கைக்குப் போகிறது, போனவர் அதை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று யாரும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. கேமரா வைக்கும் முன் அந்த ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு எங்கே வைக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம், மனிதப் படங்களை எத்தனை நாளில் அழிப்போம் என்றும் சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

கேள்வி: கொம்பில் துளை போட்டால் காண்டாமிருகத்துக்கு வலிக்காதா?
(இல்லத்தரசி, மதுரை)

வலிக்காது. கொம்பு நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. மயக்க ஊசி போட்டு, கொம்பில் சின்னக் குழி எடுத்து, கருவியை வைத்துப் பிசினால் மூடிவிடுகிறார்கள். கழுத்துப் பட்டை போடலாமே என்று தோன்றும். காண்டாமிருகத்தின் கழுத்து தலையைவிடத் தடிமன், பட்டை நிற்காது. காலில் மாட்டினால் தோல் புண்ணாகக்கூடும். சிரமம் மயக்க ஊசியில்தான், ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் ஆபத்து உண்டு. கொம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் சில ஆண்டுகளில் கருவியை மாற்றவும் வேண்டும். அதனால்தான் பேட்டரி நீடிப்பதற்கு இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

கேள்வி: வேட்டைக் கும்பல் இந்தச் சமிக்ஞையை ஒட்டுக்கேட்டு, விலங்கு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால்?
(ஓய்வு பெற்ற தபால் ஊழியர், தேனி)

லோரா வலையமைப்பில் போகும் செய்தி 128 பிட் ஏஇஎஸ் என்ற ரகசியக் குறியீட்டுப் பூட்டோடுதான் போகிறது. காற்றிலிருந்து அதைப் பிடித்து வாசிப்பது வேட்டைக்காரனால் ஆகிற காரியமில்லை. பழைய விஎச்எஃப் ரேடியோ காலர்கள் அப்படி இல்லை. 'டிக் டிக்' என்று திறந்த அலையில் அடிக்கும். சரியான அலைவரிசை தெரிந்தவன் கையில் ஆன்டெனா இருந்தால் திசை பிடித்துவிடலாம்.

காற்றில் பாதுகாப்பு இருக்கிறது, சரி. செய்தி வந்து இறங்குகிற இடத்தில்? 2013-ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில் ஒரு புலியின் ஜிபிஎஸ் காலர் விவரம் வந்துகொண்டிருந்த மின்னஞ்சலுக்குள், சம்பந்தமில்லாத ஊரிலிருந்து யாரோ நுழையப் பார்த்தார்கள். உள்ளே போக முடியவில்லை. பன்னாவில் 2009-க்குள் எல்லாப் புலியும் போய், மறுபடி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு வளர்த்த காடு அது. ஒரு புலியின் இருப்பிடத்தைக் காற்றில் தேடவில்லை, மின்னஞ்சலில் தேடியிருக்கிறார்கள்.

நம் பங்கும் இதில் உண்டு. சஃபாரி போய்ப் புலியையோ யானையையோ படம் எடுத்து அங்கேயே பதிவிடுகிறோம். இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள், இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.

கேள்வி: வால்பாறையில் யானை வந்தால் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். அதுவும் இதுவும் ஒன்றா?
(தேயிலைத் தோட்ட ஊழியர், வால்பாறை)

ரேடியோ வேறு, எண்ணம் ஒன்று. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் உங்கள் ஊரில் செய்தது அது. அதற்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. யானை நிற்கும் இடம் எஸ்எம்எஸ்ஸாகப் போகிறது, செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்கு தூரத்திலிருந்தே தெரிகிறது. உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை, எங்களுக்குத்தான் நீங்கள் சொல்லித் தர வேண்டும். அங்கே செய்தி எந்த அதிகாரியின் மேசையிலும் நிற்பதில்லை. இருட்டில் வேலை முடிந்து பாதையில் நடந்து வருகிற ஆளுக்கே நேரே வருகிறது. அதனால்தான் ஊர் அதைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: கண்ணி வைப்பதை இந்தக் கருவி கண்டுபிடிக்குமா? எங்கள் பக்கம் துப்பாக்கியைவிடக் கம்பிதான் அதிகம்.
(விவசாயி, சத்தியமங்கலம்)

நல்ல கேள்வி, இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை என்பதுதான் வருத்தம். சுருக்குக் கம்பி சத்தம் போடாது, சூடு இருக்காது, அசையாது. பைக் கிளட்ச் ஒயர் ஒரு முழம் போதும். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும், புலி மாட்டும். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் இருக்கலாம் என்று உலக இயற்கை நிதியம் 2020-ல் கணக்கிட்டது. மரத்துக்கு மரம் சென்சார் வைத்தாலும் அதைப் பிடிக்க முடியாது. நம் பக்கத்து அவுட்டுக்காயும் அப்படித்தான். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடி. கடித்த யானை வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் நின்று சாகிறது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

கண்ணியை எடுக்க நடக்கத்தான் வேண்டும். எங்கே நடந்தோம், எங்கே இன்னும் நடக்கவில்லை என்று காட்டுவதில்தான் கருவிக்கு வேலை. காவலர் போன தடம் வரைபடத்தில் தானாக விழுந்தால், மூன்று வாரமாக யாருமே போகாத ஓடை எது என்று தெரிந்துவிடும். நம் புலிகள் காப்பகங்களில் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற போன் செயலி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் விவரம் போனுக்குள்ளேயே கிடக்கும், முகாமுக்கோ ஆபீசுக்கோ திரும்பி வந்த பிறகே ஏறும்.

துப்பாக்கிக்கு மட்டும் ஒன்று உண்டு: ஆடியோமாத். இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆட்கள் உருவாக்கிய, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒலிப்பதிவுக் கருவி. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் காட்டில் துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் பிரித்துப் பதிவு செய்ய இதைப் பயன்படுத்தினார்கள். பதிவு மெமரி கார்டில் விழுகிறது. ஒருவர் போய் எடுத்து வர வேண்டும். அன்றைக்குச் சுட்டவனைப் பிடிக்க உதவாது. எந்த நாளில், எந்த நேரத்தில் சுடுகிறார்கள் என்று தெரிந்து, அடுத்த ரோந்தை அந்த நேரத்தில் வைக்க உதவும்.

கேள்வி: இவ்வளவு தொழில்நுட்பத்தால் வேட்டை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?
(கல்லூரிப் பேராசிரியர், பாளையங்கோட்டை)

வயர்லெஸ்காரன் என்ற முறையில் 'ஆமாம்' என்று சொல்லத்தான் ஆசை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்காவில் 2007-ல் வேட்டையில் போன காண்டாமிருகங்கள் 13. 2014-ல் 1,215. அதற்குப் பிறகு பணம் கொட்டியது. கேமரா, ரேடார், ஹெலிகாப்டர், மோப்ப நாய், எல்லாம். குரூகர் பகுதியின் 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்ததை அலசிய ஆய்வு ஒன்று 2025 ஜூனில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 7.4 கோடி டாலர் செலவு. 700 பேர் வரை கைது. ஆனால் அந்தக் காவல் ஏற்பாடுகளால் வேட்டை குறைந்தது என்பதற்கு வலுவான ஆதாரத்தை ஆய்வாளர்களால் காட்ட முடியவில்லை. குறைத்தது எது தெரியுமா? விலங்கை மயக்கி, கொம்பை வெட்டிவிடுவது. மொத்தச் செலவில் 1.2 சதவீதத்தில், வேட்டை 78 சதவீதம் குறைந்தது. கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறதே.

கருவிகள் ஏன் தோற்றன? பிடிபட்டவன் இடத்துக்கு வறுமை இன்னொருவனைக் கொண்டுவந்தது. வழக்குகள் இழுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வேலை பார்க்கும் சிலரே ரோந்து எங்கே, விலங்கு எங்கே என்று வெளியே சொன்னார்கள். அருமையான வலையமைப்பு, துல்லியமான வரைபடம், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் விலைபோய்விட்டால் அதே வரைபடம் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டும்.

அகாகேராவில் விலங்குகள் திரும்பி நிலைத்திருக்கின்றன. 2019-ல் ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளிலிருந்து ஐந்து கறுப்புக் காண்டாமிருகங்கள், 2021-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 30 வெள்ளைக் காண்டாமிருகங்கள் என்று மேலும் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் லோராவின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க வழியில்லை. வேலி இருக்கிறது, நாய்ப்படை இருக்கிறது. சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொடுப்பதும் இருக்கிறது. 2017-ல் அதை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். வேலிக்கு வெளியே இருப்பவனுக்கு விலங்கால் ஒரு பள்ளிக்கூடக் கட்டடமோ தண்ணீர்க் குழாயோ கிடைக்கும்போது, அந்நிய ஆள் ஊருக்குள் வந்தால் அவன் காவலரிடம் சொல்வான். என் கணக்கில் அதுவும் ஒரு சென்சார்தான், பேட்டரி மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாமா? எவ்வளவு செலவாகும்?
(மின்னணுவியல் மாணவி, நாகர்கோவில்)

தாராளமாகச் செய்யுங்கள். லோரா மாட்யூல் சில நூறு ரூபாய்தான், ஒரு கன்ட்ரோலர் போர்டும் அப்படியே. ஜிபிஎஸ் சேர்த்தால் இன்னும் சில நூறு. கேட்வே கொஞ்சம் விலை. நம் நாட்டில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று 433-க்கோ 915-க்கோ ஆன போர்டை வாங்கிவிடாதீர்கள்.

செலவெல்லாம் போர்டில் இல்லை. கம்பம், பேட்டரி, இடிதாங்கி, வருஷத்துக்கு நாலு தடவை மலை ஏறி இறங்கும் கூலி, இவைதான் பணத்தைச் சாப்பிடும். நான் பார்த்தவரை காட்டில் வைத்த பெட்டி பழுதாவது எலக்ட்ரானிக்ஸால் அல்ல. எறும்பு கூடு கட்டும். குரங்கு கேபிளைப் பிடித்துத் தொங்கும். மழைக்காலத்தில் கனெக்டருக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூக்கும். கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நுழையக் கூடாது, கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றுங்கள், தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். ஆன்டெனாவை ஒவ்வொரு மீட்டர் உயர்த்தும்போதும் தூரம் கூடும். கோடையில் அளந்த தூரத்தை நம்பாதீர்கள், தென்மேற்குப் பருவமழையில் நனைந்த இலைகள் அலையைக் குடித்துவிடும். அந்தச் சமயம் ஒரு தடவை அளந்து, அதையே கணக்கில் எடுங்கள்.

அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் ஒரு சென்சார்கூட வைக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை விடாது, விடாமல் இருப்பதும் சரிதான். முதலில் கல்லூரி வளாகத்தில், அப்புறம் காட்டோரத் தோட்டங்களில், உரிமையாளரைக் கேட்டு வையுங்கள். வேலியில் மின்சாரம் போகிறதா என்று சொல்லும் சென்சார் ஒன்று போதும், விவசாயிக்கு உடனே உபயோகம்.

கேள்வி: என் அப்பா வேட்டைத் தடுப்புக் காவலர். அவர் தங்கும் முகாமில் போன் சிக்னல் கிடையாது. இரவு ரோந்து போனால் காலையில் திரும்பும்வரை எங்களுக்குத் தூக்கம் இல்லை. இந்தக் கருவி அவருக்கு உதவுமா?
(கல்லூரி மாணவி, மசினகுடி)

வந்த கடிதங்களிலேயே முதலில் படிக்க வேண்டியது உங்களுடையதுதான். கடைசியில் வைத்திருப்பது, இதைப் பொறுமையாக எழுத வேண்டும் என்பதற்காக.

உதவும். என்னைக் கேட்டால், நம் மலையில் லோரா முதலில் போக வேண்டிய இடம் உங்கள் அப்பாவின் சட்டைப்பை. தீப்பெட்டிப் பருமனில் ஒரு கருவி, அதில் ஒரே ஒரு பொத்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருக்கும் இடத்தைத் தானாகச் சொல்லும். யானை துரத்தினாலோ, பாம்பு கடித்தாலோ, ஆயுதத்தோடு ஆட்களைப் பார்த்தாலோ பொத்தானை அழுத்தினால் போதும், வாக்கிடாக்கியில் பேசிச் சத்தம் காட்ட வேண்டியதில்லை. சாட்டிலைட் போன் நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது, விலையும் எட்டாது. வனத்துறையின் ரிப்பீட்டர் கம்பங்கள் ஏற்கெனவே மலை உச்சிகளில் நிற்கின்றன, மின்சாரமும் அங்கே இருக்கிறது. அதே கம்பத்தில் ஒரு கேட்வே மாட்டுவது எனக்குத் தெரிந்த ரேடியோ வேலைகளிலேயே எளிதானது. பள்ளத்தாக்குகளில் கொஞ்சம் விட்டுப்போகும், அங்கே இடைக் கம்பம் வேண்டும்.

முகாமுக்கு யாராவது இப்படி ஒரு திட்டத்தோடு வந்தால், அப்பாவையும் அவரோடு இருப்பவர்களையும் சில கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினால் மணி எங்கே அடிக்கும்? அங்கே விழித்திருப்பவர் யார், அவருக்குச் சம்பளம் உண்டா? அவர் கிளப்பி அனுப்ப வண்டி நிற்கிறதா, டீசல் இருக்கிறதா? பக்கத்து முகாமுக்கும் அதே நொடியில் செய்தி போகுமா? முதலில் வந்து சேரப் போவது அவர்கள்தான், அதனால் போக வேண்டும். அப்பா நடந்த தடத்தை யார் யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? மர நிழலில் அரை மணி உட்கார்ந்ததைக் காட்டி நாளைக்கு ஒருவர் கூலியைப் பிடிக்கக் கூடாது. இதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: அவர் பத்திரமாக முகாம் திரும்பியதும் உங்கள் வீட்டு போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வருமா என்று. கட்டுப்பாட்டு அறையில் இணையம் இருந்தால், அங்கிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்குக் கூடுதலாக ஒரு கருவியும் தேவையில்லை, மென்பொருளில் நாலு வரி எழுதினால் போதும். முடியாது என்று யாராவது சொன்னால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், எப்படிச் செய்வது என்று நான் எழுதி அனுப்புகிறேன்.